தேடல் பெட்டியில் பழைய பதில் வந்து உட்காருகிறதா?

ரியாக்ட் (React, இணையப் பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தேடல் பெட்டியில் ‘மது’ என்று அடித்து, உடனே ‘மதுரை’ என்று முடிக்கிறார் பயனர். சர்வருக்கு இரண்டு கோரிக்கைகள் போகின்றன. முதலாவது தாமதமாகத் திரும்பினால், ‘மதுரை’க்கு வந்த பட்டியலைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (தட்டுவது அவ்வளவு நேரம் நின்ற பிறகே கோரிக்கை அனுப்பும் உத்தி) கோரிக்கைகளைக் குறைக்கும், இந்தக் கோளாறைத் தீர்க்காது.

தேடல் சொல் மாறும்போது ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள் (useEffect) ஒவ்வொரு முறையும் கோரிக்கையை ரத்து செய்ய உதவும் புது அபார்ட்கன்ட்ரோலர் (AbortController) உருவாக்கி, அதன் சிக்னலை, கோரிக்கையை அனுப்பும் ஃபெட்சுக்குக் (fetch) கொடுங்கள். அடுத்த முறை ஓடுவதற்கு முன் ரியாக்ட் இயக்கும் கிளீனப் ஃபங்ஷனில் அபார்ட்டை (abort) அழையுங்கள். ரத்தான ஃபெட்ச் ‘அபார்ட்எரர்’ வீசும். பிழையைப் பிடிக்கும் கேட்சில் (catch) அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். இல்லாவிட்டால் தட்டும் எழுத்துக்கெல்லாம் சிவப்புப் பிழைச் செய்தி மின்னும்.

பலர் சறுக்கும் இடம், கோரிக்கை எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி (finally). அங்கே கண்ணை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதைக் குறிக்கும் லோடிங்கை ஃபால்ஸ் (false) ஆக்கினால், ரத்தான பழைய கோரிக்கை புதியதன் ஸ்பின்னரை (சுழலும் காத்திருப்புக் குறியை) அணைத்துவிடும். சிக்னல் அபார்ட் ஆகவில்லை என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.