பிபி பார்க்கும்போது கை எங்கே இருக்கிறது?

வீட்டில் பிபி மெஷின் வைத்திருக்கிறீர்களா? சரி, அளக்கும்போது கை மடியில் கிடக்கிறதா? அப்படியென்றால் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 133 பேரிடம் சோதித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. மேசைமேல் கையை வைத்து அளந்ததைவிட, மடியில் வைத்தபோது மேல் அளவு (மெஷின் காட்டும் இரண்டு பிபி எண்களில் பெரியது) சராசரியாக 3.9 கூடியது, பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5. கை இதயத்துக்குக் கீழே இறங்கினால் அந்த உயரத்துக்கான ரத்தத்தின் எடையும் சேர்ந்து அழுத்தும், அவ்வளவுதான் விஷயம். கையைத் தொங்கவிட்டு அளந்து 142 என்று பார்த்துப் பதறுபவருக்கு உண்மையில் 136-தான் இருக்கலாம்.

ஆகவே சோபாவை விடுங்கள், சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் உட்காருங்கள். மேல்கையில் சுற்றும் பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் உயரத்துக்கு வர வேண்டும். மேசை தாழ்வென்றால் ஒரு தலையணையை மடித்துக் கைக்கு அடியில் கொடுங்கள். பட்டையை வெறும் கையில்தான் சுற்ற வேண்டும், சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டி ஏற்றுவதைவிடக் கழற்றிவிடுவது மேல். அப்புறம் 5 நிமிடம் சும்மா இருங்கள், போனும் வேண்டாம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மெஷின் ஓடும்போதே "எவ்வளவு காட்டுது?" என்று கேட்பவரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள், பதில் பேசினாலே அளவு ஏறும்.

பட்டையின் அளவு இதைவிடப் பெரிய சமாச்சாரம். அதே பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்ட பருத்த கைகளில் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது! ஒல்லிக் கைக்கு நேர்மாறு, குறைத்துக் காட்டும். தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் சுற்றளவு எடுத்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அளங்கள், பிறகு இரவில். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஒரு வாரம் எழுதி வைத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். அது 135/85-ஐத் தொட்டால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் சராசரிக் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.