பொறக்கப்போற குழந்தைக்கு என்ன வாங்கணும், என்ன வாங்கவே வேணாம்

ஏழாவது மாசம் ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் போன்ல ஒரு லிஸ்ட் அனுப்பிடுவாங்க, "பேபிக்கு கண்டிப்பா வேணும்"னு ஐம்பது அறுபது ஐட்டம் இருக்கும், பாட்டில் வார்மர், டயப்பர் மாத்துற டேபிள், பேபி மானிட்டர், குட்டி ஷூ வரைக்கும். அதுல பாதி, குளிர் ஊர்ல குழந்தைய தனி ரூம்ல தூங்க வைக்கிறவங்களுக்காக எழுதினது. நம்ம வீட்ல குழந்தை அம்மா பக்கத்துலதான் படுக்கும், அழுதா மூணு பேர் ஓடி வருவாங்க, அங்க மானிட்டருக்கு என்ன வேலை? பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் வாங்கிக் குவிக்கக் கூடாது, முதல்ல பழைய துணியத்தான் போடணும்னு நம்ம பெரியவங்க சொல்றதுண்டு. அவங்க சொல்ற காரணத்த நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் பர்ஸுக்கு அது ரொம்ப நல்ல ரூல்.

நான் யாருக்கு சொன்னாலும் ஒரே கேள்விதான் கேக்கச் சொல்லுவேன்: இந்தப் பொருள் இப்ப இல்லைனா, தேவைப்படுற அன்னிக்கு சாயங்காலம் தெருமுனை மெடிக்கல்ல வாங்க முடியாதா? முடியும்னா இப்ப வாங்காதீங்க. குழந்தை பொறந்ததுக்கப்புறம் என்ன தேவைன்னு அதுவே காட்டிடும், அந்த காச கைல வச்சிருக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல துணிக்கு வருவோம், ஏன்னா நிறைய பேர் காச விடுறது இங்கதான். பொறக்கும்போது ரெண்டரைலருந்து மூணரை கிலோ இருக்கிற குழந்தை நாலஞ்சு மாசத்துல ரெண்டு மடங்கு எடை ஆயிடும், நியூபார்ன் சைஸ்ல வாங்கினதெல்லாம் மாசம் ஒண்ணு ஒண்ணரைல பத்தாது. அதனால முன்பக்கம் முடிச்சு போடுற காட்டன் ஜபலா ஒரு ஆறு போதும், தலை வழியா மாட்டுற டிரஸ் முதல் மாசம் வேணவே வேணாம், கழுத்து நிக்காத குழந்தைக்கு அத மாட்டுறதுக்குள்ள அம்மாவுக்கு வேர்த்துடும். ரெண்டு குல்லா, ரெண்டு ஜோடி சாக்ஸ், போர்த்த ரெண்டு மூணு மெல்லிசு காட்டன் துணி, ஒரு பூத்துண்டு. திருப்பூர் பக்கம் இருக்கிறவங்க காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் மிச்சம் வர்ற கடைங்கள்ல பாருங்க, நல்ல பனியன் துணி கம்மி விலைக்கு கிடைக்கும், ஆனா எதுவா இருந்தாலும் துவைச்சு வெயில்ல காய வச்சுட்டுதான் போடணும். ஃப்ராக், கோட்டு, ஜரிகை வச்ச பட்டு பாவாடை எல்லாம் சொந்தக்காரங்க எப்படியும் கொண்டு வருவாங்க, நீங்க வாங்காதீங்க.

இப்ப நாப்கின் துணி. இதுக்கு ஒரு பைசா செலவு பண்ண வேணாம். தாத்தாவோட பழைய நாலு முழ வேட்டிங்கள எடுங்க, எத்தனை வருஷம் துவைச்சதோ அவ்வளவு மெத்துனு இருக்கும், கடைல விக்கிற எந்த புது நாப்கினும் அந்தப் பதத்துக்கு வராது. கரைய முதல்ல வெட்டி தூக்கிப் போட்டுடுங்க, அது தொடைல உரசி சிவந்துடும். மிச்சத்த ரெண்டு அடிக்கு ரெண்டு அடி சதுரமா வெட்டினா ஒரு வேட்டிக்கு 6 துண்டு வரும். இங்க ஒரு முக்கியமான விஷயம், வெட்டின ஓரத்த அப்படியே விடாதீங்க, டெய்லர்கிட்ட குடுத்து மடிச்சு அடிச்சு வாங்கிடுங்க, இல்லைனா நூல் பிரிஞ்சு குழந்தையோட கால் விரல்ல சுத்திக்கும், சுத்தினா ரத்த ஓட்டமே நின்னு விரல் வீங்கிடும், குழந்தை ஏன் அழுவுதுன்னே தெரியாது. சதுரத்த குறுக்க முக்கோணமா மடிச்சு, நீட்டுப் பக்கத்த இடுப்புக்குக் கீழ விரிச்சு, நடு முனைய கால் நடுவுல கொண்டு வந்து ரெண்டு பக்க முனையோட சேர்த்து தளர்வா முடிச்சு போடணும், அந்த முடிச்சு தொப்புளுக்கு கீழ இருக்கணும், தொப்புள்கொடி காத்தாட வெளிய இருக்கிற மாதிரி. ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு துணி ஆகும், அதனால 25, 30 துண்டு ரெடியா இருந்தா நல்லது, ஐப்பசி கார்த்திகைல பிரசவம்னா இன்னும் பத்து சேத்துக்கங்க, அந்த மழைல எதுவும் காயாது.

டயப்பரே வேணாம்னு சொல்லல. ஒண்ணு பத்து ரூபானு வச்சுக்கங்க, ஒரு நாளைக்கு எட்டு போட்டா மாசம் 2400 ரூபா ஆச்சு. ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு, தடுப்பூசிக்கு வெளிய போகும்போது ஒண்ணுனு வச்சுக்கிட்டா ஐநூறு அறநூறுல முடிஞ்சிரும், அம்மாவும் கொஞ்சம் தூங்குவா. நியூபார்ன் சைஸ்ல ஆஃபர்னு பெரிய பேக் வாங்கி வைக்காதீங்க, சின்ன பேக் ஒண்ணே ஒண்ணு, அதுவும் தோலுக்கு ஒத்துக்குதான்னு பாத்துட்டு. வெட் வைப்ஸுக்கு பதிலா வெதுவெதுப்பான தண்ணியும் துணியும் பஞ்சும் போதும். படுக்கைக்கு அடில போட ரப்பர் ஷீட் மட்டும் கண்டிப்பா வாங்குங்க, மெடிக்கல்லயோ பிளாஸ்டிக் கடைலயோ மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க, வீட்டுக்கேத்த மாதிரி ரெண்டா மூணா வெட்டிக்கலாம்.

பால் விஷயத்துலதான் பயந்து பயந்து காசு போகும். முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் கொஞ்சமாத்தான் வரும், அந்தக் குழந்தையோட வயித்துக்கு அது போதும், ஆனா யாராவது ஒருத்தர் "பால் பத்தல, பவுடர் வாங்கிட்டு வா"னு அப்பாவ கடைக்கு விரட்டிடுவாங்க. பால் பத்துதா இல்லையானு பாக்க ஒரு எளிமையான வழி இருக்கு, அஞ்சாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளைக்கு 6 தடவையாவது நல்லா ஒண்ணுக்கு போயிட்டு எடையும் ஏறிக்கிட்டு வந்தா பால் பத்துதுன்னு அர்த்தம், துணி நாப்கின் போட்டா இத எண்றதும் சுலபம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம். நம்ம நாட்டுல 1992-லயே இதுக்குன்னு சட்டம் வந்து 2003-ல அத இன்னும் இறுக்கினாங்க, ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைங்களுக்கான பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரமே பண்ணக் கூடாது. அதனால பாட்டில் செட்டு, ஸ்டெரிலைசர், வார்மர் எதையும் முன்கூட்டி வாங்காதீங்க. அதுக்குப் பதிலா பாத்திரக்கடைல ஒரு ஸ்டீல் பாலாடை வாங்கி வைங்க, நிறைய வீட்ல சங்குனு சொல்றது, ரொம்ப கம்மி விலைதான். குழந்தை சரியா சப்பிக் குடிக்கலைனாலோ அம்மாவுக்கு காம்புல வெடிப்பு வந்தாலோ, பாலை கையால பீச்சி, குழந்தைய தலை உசத்தி மடில வச்சு, பாலாடையோட மூக்க உதட்டு ஓரத்துல வச்சு சொட்டு சொட்டா விட்டு, முழுங்கினதுக்கப்புறம் அடுத்தது விடணும், ஊத்தக் கூடாது. கழுவி கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா முடிஞ்சது, பாட்டில் மாதிரி உள்ள இடுக்குல பால் ஒட்டிக்கிட்டு நிக்காது. பிரெஸ்ட் பம்ப் வேலைக்குப் போறவங்களுக்கு பின்னாடி தேவைப்படலாம், ஆனா 26 வாரம் லீவு இருக்கிறவங்க அத இப்பவே ஏன் வாங்கணும்? டாக்டரே பவுடர் பால் குடுக்கச் சொன்னா தயங்காம குடுங்க, அது வேற விஷயம், அதுக்காக யாரும் குத்த உணர்ச்சியோட இருக்க வேணாம்.

தூங்க வைக்க பெரிய மரத் தொட்டில் வேணாம். தரைல பாய், அதுக்கு மேல கெட்டியா மடிச்ச போர்வை, ரப்பர் ஷீட், காட்டன் துணி, குழந்தைய மல்லாக்க படுக்க வைக்கணும், சுத்தி தலையணை பொம்மை எதுவும் வேணாம். தலை உருண்டையா வரணும்னு கடுகுத் தலையணை விக்கிறாங்க, பிறந்த குழந்தைக்கு எந்தத் தலையணையும் தேவையில்ல, தூக்கத்துல மூச்சுக்கு ஆபத்து. தூளி கட்டுறதுன்னா பழைய காட்டன் சேலைலதான் கட்டணும், நைலக்ஸ் வேணாம், கொக்கிய பெரியவங்க யாராவது தொங்கிப் பாத்து உறுதி பண்ணணும், தரைலருந்து ரொம்ப உசரம் இல்லாம கட்டி, கழுத்து மடங்காம முகத்துல துணி மூடாம ஒருத்தர் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும். ராத்திரி முழுக்க தூளிலயே விட்டுட்டு தூங்கிடாதீங்க. குடை மாதிரி மடக்குற கொசுவலை ஒண்ணு வாங்குங்க, இதுக்கு செலவு பண்ற காசு வீண் இல்ல, கொசுவத்தி புகையும் லிக்விடும் சின்னக் குழந்தை மூக்குக்கு ஆகாது.

குளிப்பாட்ட டப் எதுக்கு, கால நீட்டி உக்காந்து கால்ல போட்டு குளிப்பாட்டுறதுதானே நம்ம வழக்கம், அது தெரியாதவங்களுக்கு வீட்ல இருக்கிற பிளாஸ்டிக் பேசின் போதும். ஒரு குழந்தை சோப்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பவுடர், லோஷன், ஷாம்பு, கொலோன் எல்லாம் சேர்ந்த கிஃப்ட் செட் வாங்காதீங்க, பவுடர் நுரையீரலுக்குள்ள போகும். கண்ல மை வைக்காதீங்க, திருஷ்டிக்கு வேணும்னா உள்ளங்கால்ல ஒரு பொட்டு வச்சுக்கங்க. மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுறது, சாம்பிராணி புகை காட்டுறது, தொப்புள்ல பவுடரோ மஞ்சளோ போடுறது, சேனை வைக்கிறது (பொறந்ததும் நாக்குல சக்கரைத்தண்ணியோ தேனோ தொட்டு வைக்கிறது), கழுதைப்பால் வாங்கிக் குடுக்கிறது எதுவும் வேணாம், பாட்டி கோவிச்சுக்கிட்டா "டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க பாட்டி"னு சொல்லிடுங்க, பாட்டிங்க டாக்டர் பேச்சுக்கு கொஞ்சம் அடங்குவாங்க. கிரைப் வாட்டரும் வேணாம், பால் குடிச்சதும் தோள்ல போட்டு தட்டி ஏப்பம் எடுத்தா பாதி அழுகை நிக்கும். வாக்கர் எப்பவுமே வேணாம், குழந்தைங்க படில உருண்டு அடிபடுதுன்னு கனடாவுல 2004-லயே விக்கத் தடை போட்டுட்டாங்க, அது இல்லாமலே குழந்தைங்க நடக்கும்.

இப்படி மிச்சம் புடிச்ச காச எங்க போடணும்னா, முதல்ல அம்மாவுக்கு. முன்னாடி ஜிப் வச்ச காட்டன் நைட்டி மூணு, பெரிய சைஸ் பேடு ரெண்டு பாக்கெட், அப்புறம் மூணு மாசத்துக்கு முட்டை, கீரை, பால், மீன், பருப்பு. பொம்பளப் புள்ளைக்கு பிரசவம் ஆனதும் எல்லாரும் குழந்தையச் சுத்தி நின்னுடுறாங்க, பெத்தவ பத்தியம்கிற பேர்ல ரசம் சோறும் அரை டம்ளர் தண்ணியுமா கெடக்குறா, இத பாக்கும்போதுதான் எனக்கு ஆத்தாமையா வரும். பத்தாயிரம் ரூபா ஸ்ட்ரோலர விட அந்த அம்மாவுக்கு தினம் ரெண்டு முட்டையும் வயிறு நிறைய சோறும் அந்தக் குழந்தைக்கு நூறு மடங்கு உபயோகம். ரெண்டாவது, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். பச்சக் குழந்தைக்கு 100.4 டிகிரியத் தாண்டினாலோ, உடம்பு சில்லுனு ஆனாலோ, பால் குடிக்காம துவண்டு போனாலோ வீட்டு வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி. மூணாவது, கைக்காசு. மஞ்சக்காமாலைக்கு லைட்ல வைக்கணும், எடை கம்மியா இருக்கு, ரெண்டு நாள் ஐசியூல வைக்கணும்னு தனியார்ல சொன்னா ஒவ்வொரு நாளும் காசுதான். அரசு ஆஸ்பத்திரில பிரசவமும், ஒரு வயசு வரைக்கும் நோய்வாய்ப்பட்ட குழந்தைக்கு சிகிச்சையும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல இலவசம், பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு கொண்டு விட 102 வண்டியும் இலவசம், வலி வந்தா கூப்பிட 108.

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள்ள கிராம சுகாதார நர்ஸ்கிட்டயோ நகர்ப்புற சுகாதார நிலையத்துலயோ பதிவு பண்ணி பிக்மி நம்பர், அதாவது தமிழ்நாட்டுல கர்ப்பிணிங்களுக்கு குடுக்கிற பதிவு எண், வாங்கிடுங்க, தனியார்ல பிரசவம் பாக்கறவங்களுக்கும் இது வேணும், பிறப்பு சான்றிதழுக்கு இந்த நம்பரத்தான் கேப்பாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு முதல் ரெண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000, அதுல 14,000 தவணையா அம்மாவோட பேங்க் அக்கவுண்டுக்கு வரும், மீதி 4,000-க்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகம் ரெண்டு தடவை. அரசு ஆஸ்பத்திரில 2015-ல ஆரம்பிச்ச குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்துல துண்டு, டிரஸ், குட்டி மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டினு 16 பொருள், உங்க ஆஸ்பத்திரில இருக்கானு வார்டு நர்ஸம்மாகிட்ட முன்னாடியே கேட்டுட்டா அதெல்லாம் வாங்கற வேலையே இல்ல. பிறந்தப்ப போடுற பிசிஜி, போலியோ, ஹெபடைடிஸ் பி-லருந்து ஒண்ணரை, ரெண்டரை, மூணரை மாச ஊசிங்க வரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம், எடையும் அங்கயே பாத்துடுவாங்க.

சொந்தக்காரங்களுக்கு வெக்கப்படாம வாய விட்டு சொல்லுங்க. "அத்தை, டிரஸ் எடுக்கணும்னா ஒரு வயசு சைஸ்ல எடுங்க", "சித்தி, கொசுவலை வாங்கிக் குடுங்க"ன்னா அவங்களுக்கும் நிம்மதி, இல்லைனா தொட்டில் போடுற அன்னிக்கு ஒரே மாதிரி பத்து கிஃப்ட் செட்டு வந்து அலமாரில தூங்கும். அக்கா வீட்டுக் குழந்தை போட்ட ஜபலா, தொட்டில், பேசின் எல்லாம் தாராளமா வாங்கிக்கங்க, தொட்டில்னா ஆணி நீட்டிக்கிட்டு இருக்கா, பெயிண்ட் உரிஞ்சிருக்கானு பாருங்க. அடுத்தவங்க பால் பாட்டில் நிப்பிள், பிரெஸ்ட் பம்ப், பாதி தீர்ந்த மருந்து மட்டும் வாங்காதீங்க.

கடைசியா, 36 வாரத்துல ஒரு பை கட்டி கதவுகிட்ட வச்சிடுங்க. நைட்டி, பேடு, வேட்டித் துண்டு பதினஞ்சு, ஜபலா மூணு, குல்லா, பிளாஸ்க், டம்ளர், போன் சார்ஜர். ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம், ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அம்மா பேர்ல இருக்கிற பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், பிக்மி நம்பர் பெருசா எழுதின ஒரு பேப்பர். டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி பிறப்புப் பதிவுக்கு குடுத்த விவரத்துல அம்மா அப்பா பேர், இனிஷியல், அட்ரஸ் எல்லாம் எழுத்து எழுத்தா சரியா இருக்கானு அப்பா உக்காந்து செக் பண்ணணும், பின்னாடி திருத்தறதுக்கு அலையற அலைச்சலும் செலவும் ரொம்ப ஜாஸ்தி. பதிவு 21 நாளுக்குள்ள இலவசம், பேர் முடிவாகலைனா பரவாயில்ல, பேர் இல்லாமலே பதிஞ்சுட்டு ஒரு வருஷத்துக்குள்ள காசு இல்லாம சேத்துக்கலாம்.