ஜப்பானிலிருந்து திரும்பியதும் நாக்கு கேட்பது: பெட்டியிலும் அடுப்பிலும் செய்யும் தவறுகள்

ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், கிளம்புகிற வாரத்தில் பெட்டியை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? மாட்சா கிட்கேட், டோக்கியோ பனானா, விதவிதமாகச் சாக்லேட். சொந்தக்காரர்களுக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்க அதெல்லாம் சரி. ஆனால் மூன்று மாதம் கழித்து ராத்திரி நேரத்தில் நாக்கு கேட்பது அவற்றையல்ல. கன்வீனியன்ஸ் கடையில் விற்கும் ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை, சூடான மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் என்றுதான் கேட்கும். அந்த ருசி நிற்பது இரண்டே விஷயங்களில்: அரிசி, தாஷி என்கிற சூப்புச் சாறு. பெட்டியில் இந்த இரண்டுக்கும் இடம் வைக்காததுதான் முதல் தவறு.

தின்பண்டம் வாங்குவதானாலும் தேதியைப் பார்த்து வாங்குங்கள். டோக்கியோ பனானா ஒரு வாரம் தாங்கினால் அதிகம். கிரீம் சேர்த்த மென்மையான நாமா சாக்லேட்டைப் பத்து டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மே மாதச் சென்னையில் விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் அது குழம்பாகிவிடும். செம்பே, காகி நோ தானே மாதிரி அரிசிப் பண்டங்கள் மாதக்கணக்கில் இருக்கும், உறையைப் பிரிக்காதவரை. பிரித்துவிட்டால் நம் கடலோர ஈரக்காற்றில் ஒரே நாளில் நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பாக்கெட்டில் வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் கூடவே வையுங்கள். ஓனிகிரியைச் சுற்றும் நோரி என்கிற கடற்பாசித் தாளுக்கும் இதேதான். கடை ஓனிகிரியில் 1, 2, 3 என்று எண் போட்ட உறையை வரிசையாக இழுப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சோற்று ஈரம் நோரியைத் தொடாமல் இருக்கத்தான் நடுவில் அந்தப் பிளாஸ்டிக். வீட்டில் காலையிலேயே நோரியைச் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துவிட்டு, மத்தியானம் மொறுமொறுப்பு இல்லையே என்று வருத்தப்படக் கூடாது. தனியாக எடுத்துப்போய் சாப்பிடும்போது சுற்றுங்கள். நமுத்த நோரியை மெல்லிய தீயில் ஒரு கணம் காட்டினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

அரிசிக்கு வருவோம். பொன்னி, பாஸ்மதி எதிலும் ஓனிகிரி பிடிக்க வராது. சீரகச்சம்பா குட்டையாக இருக்கிறதே என்று அதை எடுப்பவர்கள் உண்டு. குட்டையாக இருந்தால் போதாது, ஒட்டவும் வேண்டும். நேர் எதிர்த் தவறும் நடக்கிறது. ஒட்டும் அரிசி என்று கேட்டு வாங்கிவந்து பார்த்தால் அது மோச்சி என்கிற பசைப் பலகாரம் செய்கிற வகையாக இருக்கும். சூஷி அரிசி என்று விற்கிற குட்டை அரிசி போதும். அதைக் குழையாமல் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு ஒன்றேகால் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டு, மூடியைத் திறக்காமல் வேகவைக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். பழக்கதோஷத்தில் கஞ்சி வடித்துவிடாதீர்கள். நமக்கு வேண்டிய பசை அதோடு போய்விடும்.

தாஷிதான் பெரிய விஷயம். கொன்பு என்கிற உலர்ந்த கடற்பாசியும், கட்சுவோபுஷி என்கிற, புகையிட்டு உலர்த்திச் சீவிய சூரை மீனும் சேர்ந்த தெளிந்த சாறு அது. 1908இல் கிகுனாயே இகேதா என்ற டோக்கியோ வேதியியல் பேராசிரியர் இந்தக் கொன்புவிலிருந்துதான் அதன் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். நம் வீடுகளில் திட்டு வாங்கும் அஜினோமோட்டோ பிறந்த கதை அதுதான். தாஷிக்குப் பதில் காய்கறி சூப் கட்டியைக் கரைத்து மிசோ சூப் வைப்பவர்கள், ‘ஏதோ குறைகிறது’ என்று இன்னும் மிசோவைக் கொட்டுவார்கள். உப்புக் கரிக்கும், அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் பத்துக் கிராம் கொன்புவை அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் ஏற்றுங்கள். பாத்திர ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டத் தொடங்கியதும் கொன்புவை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அணைத்து, இருபது கிராம் கட்சுவோபுஷி போட்டு, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். பிழியக் கூடாது. எதையும் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் நம் கைக்குத் திருப்தி. ஆனால் நுரை கட்டியதும் ரசத்தை இறக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புதிதல்ல. மிசோவையும் அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும்.

கட்சுவோபுஷி தீர்ந்துவிட்டால் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் புழங்கும் மாசிக் கருவாட்டை முயன்று பார்க்கலாம். மாலத்தீவு மாசியும் அதே வகைச் சூரைதான். வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்துகிறார்கள். வாடை முரட்டுத்தனமாக இருக்கும், அதனால் மெல்லிசாகச் சீவிக் கொஞ்சமாகப் போடுங்கள். சைவம் என்றால் கொன்புவோடு உலர்ந்த ஷிதாகே காளானை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். ஜப்பானியப் புத்த மடங்களின் சமையலே இந்தச் சாற்றில்தான் நடக்கிறது. கொன்புவும் காளானும் எடையே இல்லாத சரக்கு. பெட்டியில் இரண்டு டப்பா சாக்லேட்டைக் குறைத்தால் ஒரு வருடத்துக்கு வரும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஃபிரைட் ரைஸுக்கு ஊற்றும் கன்னங்கரேல் சோயா சாஸ், ஷோயு என்கிற ஜப்பானிய சோயா சாஸ் ஆகாது. மிரின் என்கிற சமையல் அரிசி ஒயின் இல்லை என்று வினிகர் ஊற்றாதீர்கள். மிரின் இனிப்பு, வினிகர் புளிப்பு, அதற்குக் கொஞ்சம் சர்க்கரையே மேல். நிசின் பெயரைப் பார்த்து இங்கே வாங்கும் கப் நூடுல்ஸ் நம் நாக்குக்காகச் செய்த மசாலா ரகம். ஜப்பானிய ‘கரி’ குழம்பு வைக்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். அங்கே இருந்தபோது பார்த்து வாங்கியவர்கள்கூட இங்கே ஆசையில் மறந்துவிடுகிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சுடுசோற்றில் பச்சை முட்டை உடைத்து ஊற்றிச் சாப்பிட்ட ருசியை இங்கே தேடாதீர்கள். ஜப்பானில் முட்டையைக் கழுவி, கிருமி நீக்கி, பச்சையாகச் சாப்பிடுவார்கள் என்ற கணக்கிலேயே தேதி போடுகிறார்கள். நம் தெருமுனைக் கடை முட்டைக்கு அந்தக் கணக்கு கிடையாது. சால்மோனெல்லா கிருமித் தொற்று வந்தால் வயிறு தாங்காது. மீன் மார்க்கெட்டில் ‘இப்பதாங்க கரைக்கு வந்துச்சு’ என்று சொல்லித் தரும் மீனையும் பச்சையாகச் சாப்பிடும் சஷிமிக்கு வெட்டாதீர்கள். புதிய மீன் என்பதால் ஒட்டுண்ணி இல்லாமல் போகாது. சஷிமி ஆசை வந்தால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியர்கள் போகிற உணவகங்கள் சென்னையில் இருக்கின்றன, அங்கே போய்விடுங்கள். முட்டை ஆசைக்கு, மூன்று முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி தாஷி சேர்த்து அடித்து, மெல்லிய அடுக்குகளாகச் சுருட்டி முழுக்க வேகவைத்த தமாகோயாகி இருக்கவே இருக்கிறது.