பேட்டரி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்
மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைக்க 1,95,000 ரூபாய் ஆனது. ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வந்தது. முழுத்தொகையையும் முதலில் நாமே புரட்ட வேண்டும்.

எத்தனை கிலோவாட் தேவை என்று கணக்கிட, ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை எடுத்து, நாளுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று பாருங்கள். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று மாடியேறிப் பாருங்கள். நான் பார்க்கத் தவறி, இரண்டு சோலார் பலகைகளைப் பிறகு இடம் மாற்றினேன்.

பேட்டரிக்கு மானியம் கிடையாது. ஆனால் பேட்டரி இல்லாத அமைப்பு, மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். மூன்று மின்விசிறி, நான்கு விளக்கு நான்கு மணி நேரம் ஓடச் சுமார் ஒரு யூனிட் போதும். அந்த அளவுக்கே வாங்குங்கள்.