தகரப் பெட்டியிலிருந்து சமூகக் கல்வி: வீட்டில் தொடங்குவது எப்படி

நாங்கள் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிறோம். மகள் ஆறாம் தரத்தில் படித்தபோது ஒரு நாள் இரவு "குடிபெயர்வு என்பது மக்கள் ஓரிடத்தை விட்டு வேறோரிடம் சென்று குடியேறுதல்" என்று சத்தம் போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளி அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார் என் அம்மா. தன் அண்ணன் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய கதையை எத்தனையோ தடவை எங்களுக்குச் சொன்னவர். அந்தக் கதையும் கொப்பியில் இருக்கும் அந்த வரியும் ஒன்றுதான் என்று மகளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் செய்துபார்த்து, அப்புறம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடும் செய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. அம்மா, அப்பா, மாமா, ஓ.எல். பரீட்சை முடித்த அக்கா, யாரும் செய்யலாம்.

வேண்டியவை: 80 பக்கக் கொப்பி, பென்சில், உடுப்புக் காயப்போடும் கயிறு, கொஞ்சம் கிளிப், வீட்டில் வயதான ஒருவர். வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

முதல் படி: பெட்டியைத் திறப்பது

லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில்) கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இல்லாத வீடு குறைவு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். முதலில் பெட்டிக்குச் சொந்தக்காரரிடம் கேளுங்கள், அவர் சம்மதித்தால் மட்டும் திறக்க வேண்டும். பிள்ளை கேட்கட்டும். "அம்மாயி, இதைப் பார்க்கலாமா?" என்று பாட்டியிடம் கேட்கப் பழகுவதும் பாடம்தான்.

காகிதங்களில் உள்ள ஆண்டுகளை மட்டும் சிறு துண்டுகளில் எழுதி, இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) கட்டிய கயிற்றில் வரிசையாகக் கிளிப் போடுங்கள். அசலைக் கயிற்றில் மாட்டவே கூடாது. வீட்டு ஆண்டுகள் எல்லாம் தொங்கிய பிறகுதான் நாட்டு ஆண்டுகளைச் சேர்க்க வேண்டும். இங்கே முதன்முதலாக வணிகத்துக்குத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867, கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் தலைகாட்டிய 1869, பிரஜாவுரிமைச் (குடியுரிமைச்) சட்டம் வந்த 1948, இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964 ஒக்டோபர் 30. இந்த நான்கும் தொடக்கத்துக்குப் போதும்.

இங்கே அவசரப்படாதீர்கள். 1948 சட்டத்தில் இலங்கைப் பிரஜையாக ஒருவர் இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை, அப்பாவும் இங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டியிருந்தது, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்தில் பிறந்து பதிவே இல்லாமல் வளர்ந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு பையன், "அதனாலதான் தாத்தா பெட்டியத் தொட விடமாட்டாரா?" என்று கேட்டான். பிரஜாவுரிமை என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

1964 ஒப்பந்தத்தைக் கணக்காகவும் காட்டலாம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மீதி 150,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை அம்மாயியிடம் கேட்கட்டும்: நம் குடும்பத்தில் எந்தக் கணக்கில் யார் போனார்கள், யார் நின்றார்கள்? 2003 சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. அதே தேதி மறுபடியும் வருவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள், அந்தச் சந்தோஷத்தை நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். "அந்தக் காலத்தப் பத்திச் சொல்லுங்க" என்றால் பெரியவர்கள் திகைத்துப்போவார்கள். "முதல் நாள் எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க? கூடையக் கட்டிவிட்டது யாரு?" என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். கண் கலங்கினால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடுங்கள். மிச்சம் அடுத்த வாரம்.

இரண்டாம் படி: கானைப் பின்தொடர்வது

இது புவியியல். வாசலுக்கு முன்னால் ஓடும் கானின் (வடிகாலின்) தண்ணீர் எங்கே போகிறது என்று மழை விட்ட ஒரு நாளில் பிள்ளையோடு நடந்து பாருங்கள். நாங்கள் டிக்கோயாப் பக்கம். எங்கள் கான் ஓடையில் விழுந்து, கெஹெல்கமு ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து இறங்கி மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகக் கொழும்பில் கடலைத் தொடுகிறது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மாமாவின் ஊருக்கு நம் வாசல் தண்ணீரும் போகிறது என்றதும் பிள்ளைக்கு வரைபடம் பிடித்துவிடும். தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கதை வேறு, அந்தத் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் விழுந்து திருகோணமலைக்குப் போகிறது. கொஞ்சத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களின் மழை இரண்டு திசைக் கடலுக்குப் போவதைக் கொப்பியில் வரையச் சொல்லுங்கள், நீரேந்துப் பகுதி என்ற சொல் தானாக வந்து உட்காரும்.

மூன்றாம் படி: தேத்தண்ணியும் சம்பளத் துண்டும்

ஒரு கிலோ தேயிலைக்குக் கிட்டத்தட்ட நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியென்றால் வீட்டில் இருக்கும் 100 கிராம் பக்கற்றுக்கு 450 கிராம். அதே எடைக்குக் கீரையை நிறுத்து மேசையில் குவித்துப் பக்கத்தில் பக்கற்றை வையுங்கள். "அம்மா ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தா எத்தனை பக்கற்?" என்று பிள்ளையே கணக்குப் போடும். கொழுந்து மடுவத்தில் (எடைபோடும் கொட்டகையில்) நிறுத்து, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்து, தரம் பிரிக்கிற வரிசையை அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். உற்பத்தி என்பது இதுதான்.

சம்பளத் துண்டில் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டினால் போதும்: ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அம்மாவின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிகிறது, வேலை கொடுப்பவர் 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம் அவர்தான் போட வேண்டும். வகுப்பில் செய்வதானால் யாருடைய உண்மையான துண்டையும் வாங்காதீர்கள், 10,000 ரூபா என்று வைத்துக் கணக்குச் செய்யுங்கள். பிள்ளைகள் ஒருவர் வீட்டுச் சம்பளத்தை மற்றவர் பார்த்துக் கூச்சப்படுவதை ஒரு தடவை பார்த்துவிட்டேன், இனி வேண்டாம்.

நான்காம் படி: பீலியில் வரிசை

குடியியல் பாடத்துக்கு, லயத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியே போதும். யார் முதலில் குடம் வைப்பது, கைப்பிள்ளைக்காரிக்கு ஏன் வழி விடுகிறோம், சண்டை வந்தால் யார் தீர்க்கிறார்கள் என்று பிள்ளை எழுதட்டும். குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது? தோட்ட நிர்வாகமா, பிரதேச சபையா, கிராம உத்தியோகத்தரா? பெரியவர்களுக்கே இதில் குழப்பம் இருக்கிறது, ஆகவே சேர்ந்து விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்புநர் விலாசம் எழுதும்போது, "நம்ம லயத்துக்குத் தனி நம்பர் இல்லையா?" என்ற கேள்வி வரும். அதையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: திருப்பி வாசித்துக் காட்டுவது

எழுதிய எல்லாவற்றையும் சொன்னவரிடமே பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டும். என் மகள் வாசித்தபோது அம்மா நடுவில் நிறுத்தினார். "மூணாம் நம்பர் மலை இல்ல, ஏழாம் நம்பர். எனக்கு வயசும் அதுல தப்பு, பதிஞ்சவரு ரெண்டு வருசம் கூட்டிப் போட்டுட்டாரு." மகள் அழிறப்பரை எடுத்தாள். அழிக்க வேண்டாம், பழையதன் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுது, யார் எப்போது திருத்தினார் என்றும் எழுது என்றேன். சான்றிதழில் ஒரு வயது, அம்மாயி வாயில் ஒரு வயது, எது சரி என்று இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.