தேடுதல் வேட்டைத் திரைக்கதை: ஓடுபவனின் நேரக்கணக்கிலிருந்து தொடங்குவது எப்படி

தீவிரவாதி ஒருவனைக் காவல்துறை தேடிப் பிடிக்கும் கதையை முதன்முதலாக எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் காவல் அதிகாரியின் அறிமுகக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலூர்க் கோட்டை அகழியோரம் அமர்ந்து பல மாலைகளில் எழுதிய என் முதல் திரைக்கதையில், அதிகாரிக்கு மட்டும் 40 காட்சிகள் இருந்தன. படித்து முடித்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த நாலு நாளும் அவன் எங்கே சாப்பிட்டான்?" என்னிடம் பதில் இல்லை. ஓடுகிறவன் என் கதையில் எங்குமே ஓடவில்லை. அதிகாரி தேடி வரும் இடத்தில், அவர் வரும் நேரத்துக்குச் சரியாகத் தோன்றி மறைந்துகொண்டிருந்தான். இந்தத் தவற்றைத் தவிர்க்க நான் கற்றுக்கொண்ட வழிமுறையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. கோடு போடாத ஒரு நோட்டு, மாவட்ட வரைபடம், ரயில் கால அட்டவணை ஆகியவை போதும். திரைக்கதை மென்பொருளை இப்போதே திறக்க வேண்டாம்.

படி 1: ஒன்லைனில் ஒரு கெடு இருக்கட்டும்

"தப்பியோடும் தீவிரவாதியை ஒரு காவல் ஆய்வாளர் பிடிக்கிறார்" என்பது கதை அன்று, செய்தி. அவன் எதற்காக ஓர் ஊரில் தங்கியே ஆக வேண்டும், எப்போது அங்கிருந்து கிளம்பிவிடுவான் என்ற இரண்டும், கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் ஒன்லைனிலேயே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம்: பெங்களூரில் குண்டு வைத்துவிட்டு, முன்கையில் தீக்காயத்தோடு தப்பும் ஒருவன், செவ்வாய் அதிகாலை 5 மணிக்கு வேலூரில் இறங்குகிறான், போலி அடையாள அட்டையும் பணமும் கொண்டுவரும் கூட்டாளிக்காகக் காத்திருக்கிறான், வெள்ளி இரவு காட்பாடியில் ரயில் ஏறிவிட்டால் அவனை இனிப் பிடிக்க முடியாது.

மாதம் மே, அக்னி நட்சத்திரம். இதை வெறும் பின்னணியாக நான் சேர்க்கவில்லை என்பது மூன்றாம் படியில் தெரியும்.

படி 2: ஓடுபவனின் நாட்களை முதலில் எழுதுங்கள்

நோட்டின் இடப்பக்கத்தை அவனுக்கு ஒதுக்குங்கள். வலப்பக்கம் காவல்துறைக்கு உரியது. அதை இப்போது தொடவே கூடாது. இடப்பக்கத்தில் செவ்வாய் 5 மணியிலிருந்து வெள்ளி இரவு வரை அவன் எங்கே தூங்கினான், எதைத் தின்றான், காயத்துக்கு என்ன செய்தான், கையில் எவ்வளவு பணம் மிஞ்சியது, யாரோடு எந்த மொழியில் பேசினான் என்பதை மணிவாரியாக எழுதுங்கள். இவற்றில் பாதிகூடத் திரையில் வராது. ஆனால் திரையில் வருகிற பாதியைத் தாங்கி நிற்பது இந்த வராத பாதிதான்.

இங்கேதான் ஊரை அறிந்திருப்பது கை கொடுக்கிறது. வெளிமாநிலத்து இளைஞன் ஒருவன் நான்கு நாள் தங்கினால், ஒரு சிற்றூரில் இரண்டாம் நாளே நான்கு பேர் விசாரிப்பார்கள். வேலூரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சி.எம்.சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆண்டு முழுவதும் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காணலாம். விடுதிகளில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும் உறவினர்கள் அறையிலேயே சமைத்துக்கொள்கிறார்கள். தமிழ் தெரியாத, தூக்கம் கெட்ட கண்களோடு மருந்துப் பையைச் சுமந்து நடக்கும் ஆயிரம் பேரில் நம் ஆளும் ஒருவனாகிவிடுவான். ஆகவே அவன் ஒளிந்துகொள்ளத் தேர்ந்தெடுப்பது காடோ பாழடைந்த கிடங்கோ அன்று, ஊரிலேயே நெரிசலான தெரு. பாழடைந்த கிடங்கு என்பது படப்பிடிப்புக்கு வசதியான இடமே தவிர, ஒளிபவனுக்கு வசதியான இடம் அன்று என்பது என் எண்ணம்.

அடுத்த அறையில் ஓர் அண்ணன், சிகிச்சைக்கு வந்திருக்கும் தன் தங்கையோடு தங்கியிருக்கிறான். நம் ஆளுக்கு ஒரு நாள் அவன்தான் சோறு கொடுக்கிறான். இதை இப்போதைக்கு ஒரு வரியாக மட்டும் எழுதி வையுங்கள்.

படி 3: ஒவ்வொரு தேவையும் ஒரு தடயத்தை விட்டுச் செல்லட்டும்

தடயங்களைத் தனியே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இடப்பக்கத்தில் அவனுக்கு எங்கெல்லாம் ஏதாவது தேவைப்பட்டதோ, அங்கெல்லாம் ஒருவர் அவனைப் பார்த்திருப்பார்.

உண்மை நிகழ்வுகளிலிருந்து இரண்டைப் பாருங்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அதே வெடிப்பில் இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமின்றிக் கிடைத்தது. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு, சதியை முன்னின்று நடத்திய சிவராசனின் உருவத்தைக் காட்டியது அந்தப் படச்சுருள்தான். சதிகாரர்கள் தங்கள் செயலைப் பதிவுசெய்ய ஆசைப்பட்டதே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. இரண்டாவது, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011 மே மாதம் பின்லேடன் கொல்லப்பட்ட வீடு. அவருடைய தூதுவரைப் பின்தொடர்ந்து அந்த வீட்டைக் கண்டறிந்தவர்களுக்கு ஐயத்தை வலுப்படுத்தியது அங்கே இல்லாத பொருள்கள்: அத்தனை பெரிய வீட்டில் தொலைபேசி இணைப்பு இல்லை, இணையம் இல்லை, குப்பையைக்கூட வெளியே போடாமல் உள்ளேயே எரித்தார்கள். விட்டுச் சென்றதும் தடயம், விடாமல் மறைத்ததும் தடயம்.

நம் கதையில் இரண்டையும் ஒரே சட்டையில் வைக்கலாம். பேருந்து நிலையக் கேமராவில் அவனுடைய முகம் பதியவில்லை. காப்பிப்பொடி நிற முழுக்கைச் சட்டை போட்ட முதுகு மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தோடு ஆய்வாளர் ஒரு டீக்கடைக்குப் போகிறார். டீ மாஸ்டர் படத்தைப் பார்க்காமலேயே பாலை ஆற்றிக்கொண்டிருக்கிறார். பிறகு பாத்திரத்தை வைத்துவிட்டுச் சொல்கிறார்: "காலைல பதினோரு மணி சார். அவனவன் துண்டை நனைச்சுத் தலைல போட்டுக்கினு நிக்கிறான். இந்த ஆள் மணிக்கட்டுப் பட்டனைக்கூட கழட்டல." வேலூர் வெயிலில் பட்டனைக் கழற்றாத கைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஆய்வாளருக்கு அந்தக் காரணம் இன்னும் தெரியாது, பார்வையாளருக்குத் தெரியும்.

படி 4: இடைவெளியை மணிக்கணக்கில் அளந்து எழுதுங்கள்

இந்தப் படிதான் கட்டமைப்பின் உயிர்நாடி என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள். இப்போது வலப்பக்கத்தைத் திறந்து, காவல்துறை ஒவ்வொரு இடத்தையும் எப்போது வந்தடைகிறது என்று எழுதி, இரு பக்கங்களுக்கும் நடுவே கழித்தல் கணக்குப் போடுங்கள். அவன் பேருந்திலிருந்து இறங்கியது செவ்வாய் காலை 5 மணி. அது காவல்துறைக்குத் தெரிவது புதன் நண்பகல். இடைவெளி 31 மணி நேரம். டீக்கடையில் அவன் நின்றது புதன் 11 மணி, ஆய்வாளர் வந்தது அன்று மாலை 6 மணி. 7 மணி நேரம். விடுதி அறையை அவன் காலி செய்தது வியாழன் காலை 7 மணி, அவர்கள் கதவைத் தட்டியது 9 மணி. 2 மணி நேரம்.

31, 7, 2. இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே முதல் பாதியின் வேகம் புரிகிறது அல்லவா? ஒரு காட்சி இந்த எண்ணைக் குறைக்கவோ கூட்டவோ செய்யவில்லையென்றால், வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வெட்டிவிடலாம். அதிகாரியின் மனைவி தொலைபேசியில் கோபிக்கும் காட்சியை நான் இப்படித்தான் இழந்தேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

நம் ஊர்ப் படங்களுக்கு இடைவேளை உண்டு என்பதால், இந்த எண் இடைவேளையில் பூஜ்ஜியமாக வேண்டும் என்பது என் பரிந்துரை. ஆனால் பூஜ்ஜியம் பொய்யாக இருக்க வேண்டும். வியாழன் மாலை 6 மணி, பாலாற்றுப் பாலம். காட்பாடி நோக்கிப் போகும் ஷேர் ஆட்டோவை மறிக்கிறார்கள். காப்பிப்பொடி நிறச் சட்டை போட்டவன் இறங்கி ஓடுகிறான். மணலில் விழுந்து பிடிபடுகிறான். நிலையமே நிம்மதி அடைகிறது. பிடிபட்டவன் அடுத்த அறை அண்ணன். அறையைக் காலி செய்கையில் நம் ஆள் நன்றிக்கடன்போல் அந்தச் சட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சட்டை கைமாறியதைக் காட்டிவிட்டு இடைவேளை விட்டால் பார்வையாளர் பதற்றத்தோடு வெளியே போவார். காட்டாமல் விட்டால் ஏமாந்தவராகப் போவார். நான் காட்டுவேன்.

படி 5: காவல்துறைக்கு உண்மையான தடைகளைக் கொடுங்கள்

முட்டாள் மேலதிகாரி, லஞ்சம் வாங்கும் அமைச்சர் ஆகியோரைத் தடையாக வைப்பது எளிது. பார்த்துப் பார்த்துச் சலித்ததும்கூட. நிலமும் சட்டமும் தரும் தடைகள் இதைவிட வலுவானவை. 2019ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஒரே நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கண்காணிப்பாளர்களின் எல்லையைக் கடந்துவிடும். காட்பாடியிலிருந்து சித்தூர் சாலையில் போனால் கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடி, அதைத் தாண்டினால் ஆந்திரம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. பிடிபட்ட அண்ணனுக்கு இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படி 6: யாருக்கு எது தெரியும் என்று பட்டியலிடுங்கள்

இரண்டாம் பாதியில் திருப்பங்களை அடுக்குவதைவிட, அறிவைப் பங்கிடுவது பயன் தரும். மூன்று பேருக்கு மூன்று கட்டங்கள் போடுங்கள்: ஓடுபவன், காவல்துறை, பார்வையாளர். போலி அட்டை கொண்டுவந்த கூட்டாளி, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகக் கிருஷ்ணகிரியில் பிடிபட்டிருக்கிறான் என்று வையுங்கள். அவன் யார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நம் ஆள் ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் கைப்பேசியை இரவல் வாங்கி அழைக்கிறான். கிருஷ்ணகிரி நிலையத்தின் மேசை இழுப்பறைக்குள் பூட்டிய கைப்பேசி அதிர்கிறது. அருகே எழுத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பார்வையாளருக்கு எல்லாம் தெரிந்த இந்தக் காட்சிக்கு இசையே தேவைப்படாது.

இனி அந்தச் சட்டைக்கு வருவோம். வெள்ளி காலை 8 மணி, தவறான ஆளோடு 14 மணி நேரம் வீணாகிவிட்டது. ஒரு மருந்துக்கடைக்காரர், சட்டைக் கையை உயர்த்தாமலேயே தீக்காய மருந்து கேட்ட ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். ஆய்வாளர் ஒன்றும் பேசாமல் நிலையத்துக்குத் திரும்பி, லாக்கப்பில் அமர்ந்திருப்பவனின் மணிக்கட்டுப் பட்டனைத் தானே கழற்றி, சட்டையை முழங்கைவரை சுருட்டுகிறார். தழும்பில்லாத கை. இரவு முழுவதும் அவனிடம் யாரும் அவன் மொழியில் பேசவில்லை. விடுதியில் அவன் தங்கை தனியாக இருக்கிறாள்.

புதியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தவறாகப் பிடிபட்டவனைக் கதை திரும்பிச் செல்வதற்கான ஒரு வளைவாக மட்டும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடக் கூடாது. அதேபோல், முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கும் இந்த மண்ணில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொப்பியையும் தாடியையும் தடயமாக எழுதுவது முதலில் சோம்பேறித்தனம், அதன் பிறகுதான் மற்ற குற்றங்கள். பட்டனைப்போல ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

படி 7: முடிவின் களத்தில் வழிகள் பல இருக்கட்டும்

காட்பாடி சந்திப்பிலிருந்து சென்னை, ஜோலார்பேட்டை, விழுப்புரம், திருப்பதி என நான்கு திசைகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. எந்த வண்டி என்று தெரியாத ஆய்வாளரிடம் போதிய ஆட்கள் இல்லை. இந்த எண்ணிக்கைப் பற்றாக்குறையே கிளைமாக்ஸுக்குப் போதுமானது, ஹெலிகாப்டர் வேண்டாம்.

பிடிபடுகிறானா, இறக்கிறானா என்பதை நடைமேடைக்கு வந்த பிறகு முடிவு செய்யாதீர்கள். 1991 ஆகஸ்டில் பெங்களூரை ஒட்டிய கோணனகுண்டேயில் சிவராசன் இருந்த வீட்டைச் சுற்றி வளைத்த பிறகும் உள்ளே நுழையத் தாமதமானது. 20ஆம் தேதி நுழைந்தபோது உயிரோடு யாரும் இல்லை, கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. 2008 மும்பைத் தாக்குதலின்போது காவலர் துக்காராம் ஓம்பலே, தீவிரவாதி கசாபின் துப்பாக்கிக் குழாயைக் கைகளால் பற்றிக்கொண்டு உயிரைவிட்டார். கசாப் உயிரோடு பிடிபட்டதால்தான் சதியின் பின்னணி வெளிவந்தது. பிணம் கிடைத்தால் தேடல் முடிகிறது, ஆள் கிடைத்தால் விசாரணை தொடங்குகிறது. உங்கள் கதை எதைப் பற்றியது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றை முதல் படியிலேயே குறித்து வையுங்கள்.

பிடித்த பிறகு அதிகபட்சம் இரண்டு காட்சிகள். நான் வைத்திருந்தவை மூன்று: பத்திரிகையாளர் சந்திப்பு, பதக்கம், விடுதி. முதல் இரண்டையும் அடித்துவிட்டேன். மிஞ்சிய காட்சியில், அந்த அண்ணன் வெயிலில் நடந்து விடுதிக்குத் திரும்புகிறான். மேலாளர் பதிவேட்டைத் திறந்து, இரண்டு நாள் வாடகை பாக்கி என்கிறார்.