சாண்ட்பேங்க்ஸ் ஏரிக்கரையில் கூடாரம் போடப் போகிறீர்களா?

ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு சாண்ட்பேங்க்ஸ் மாகாணப் பூங்காவுக்குப் போய்த் தங்க நினைத்தால், இடம் பிடிப்பதுதான் பெரிய வேலை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் முன்பதிவு 5 மாதம் முன்பே, காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 1க்கு வேண்டுமென்றால் மார்ச் 1 காலையிலேயே கணினி முன் இருங்கள். கோடை வார இறுதிகளுக்கான இடங்கள் சட்டென்று நிரம்பிவிடும்.

சின்னப் பிள்ளைகளோடு போனால் அவுட்லெட் பீச் பக்கம் நல்லது. தண்ணீர் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம், மரத்தைத் தின்னும் பூச்சிகளும் கூடவே வரும். அங்கேயே வாங்கலாம். அப்புறம், இரவில் மிச்சச் சாப்பாட்டை காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். எங்கள் கூலர் மூடியை ரக்கூன் விரலால் நெம்பித் திறந்து, காலைக்கு வைத்திருந்த புட்டு முழுவதையும் தின்றுவிட்டது.